பெற்ற மகளைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் பேத்தியைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறோம். எங்கள் மகள் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஒருவருடன் வாழ்ந்தாள், ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் விட்டுப் போய்விட்டார். வலி மாத்திரையில் ஆரம்பித்து மகள் போதைப் பழக்கத்தில் விழுந்தாள். பேத்தி நாலு வயதிலிருந்து எங்களிடம்தான் வளர்கிறாள், இப்போது ஆறு வயது. சிகிச்சை முடித்து வந்திருக்கும் மகள், "குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகிறேன், இனி அவளை நீங்கள் கண்ணாலும் பார்க்க முடியாது" என்று மெசேஜ் அனுப்புகிறாள். ஜுவனைல் கோர்ட்டில் கஸ்டடி, அதாவது குழந்தையை வைத்து வளர்க்கிற உரிமை, கேளுங்கள் என்கிறார்கள் தெரிந்தவர்கள். பெற்ற பெண் மேலேயே வழக்கா என்று என் கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். கஸ்டடி கேட்பது மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஆகாது. ஜுவனைல் கோர்ட் என்றாலே தவறு செய்த சிறுவர்களை விசாரிக்கிற இடம் என்று நினைத்துவிடுகிறோம். ஒஹாயோவில், கல்யாணம் ஆகாத பெற்றோரின் குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிப்பதும் அந்தக் கோர்ட்தான். லீகல் கஸ்டடி உங்களுக்கு வந்தாலும் உங்கள் மகள்தான் குழந்தைக்கு அம்மா. குழந்தையைப் பார்க்கிற உரிமை, தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிற அல்லது மறுக்கிற உரிமை, செலவுக்குக் கொடுக்க வேண்டிய கடமை எல்லாம் அவளிடமே இருக்கும்.

இனி கசப்பான விஷயம். கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் முழுப் பொறுப்பும், கோர்ட் வேறு மாதிரி உத்தரவு போடும் வரை, அந்தத் தாய்க்கு மட்டும்தான் என்று ஒஹாயோ சட்டம் சொல்கிறது. நீங்கள் இரண்டு வருஷம் சோறு ஊட்டியதும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதும் காய்ச்சலில் கண் விழித்ததும் உண்மைதான், ஆனால் நாளைக்கு மகள் வாசலில் வந்து நின்றால் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு காகிதம் கிடையாது. உங்கள் பயம் வீண் பயம் இல்லை.

அதற்காக நாளைக்கே ஓடிப் போய் மனுப் போட்டுவிடலாமா என்றால், கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்காவில் சட்டம் பெற்றோர் பக்கம் நின்றுதான் பேச ஆரம்பிக்கும். 2000-ல் டிராக்ஸல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. வாஷிங்டன் மாநிலத்தில், மகனை இழந்த தாத்தா பாட்டி மாதம் இரண்டு வாரக் கடைசிகள் பேத்திகள் வேண்டும் என்று கேட்டார்கள், குழந்தைகளின் அம்மா மாதம் ஒருமுறை போதும் என்றார். அம்மாதான் ஜெயித்தார். பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் எடுக்கிற முடிவுக்குத் தனி மதிப்புக் கொடுக்க வேண்டும், தனக்கு நல்லதாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் நீதிபதி அதை மாற்றக்கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஒஹாயோவில் இதற்கு முன்பே, 1977-ல் பெரேல்ஸ் வழக்கில் ஒரு வரையறை வந்துவிட்டது. பெற்றோர் அல்லாத ஒருவருக்குக் கஸ்டடி கிடைக்க வேண்டுமென்றால், பெற்றவர் குழந்தையைக் கைவிட்டார், அல்லது ஒப்பந்தம் போட்டு விட்டுக்கொடுத்தார், அல்லது காப்பாற்றவே முடியாத நிலையில் இருக்கிறார், அல்லது அவரிடம் இருப்பது குழந்தைக்குக் கேடு என்று காட்ட வேண்டும். எங்கள் வீடு பெரியது, நாங்கள் நன்றாகப் படிக்க வைப்போம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

உங்கள் மகள் இப்போது சிகிச்சை முடித்து வந்திருக்கிறாள், அதை மறந்துவிடாதீர்கள். பழசை எல்லாம் கிளறி அவள் தகுதியில்லாதவள் என்று நிரூபிக்கக் கிளம்பினால் தோற்கவும் வாய்ப்பு உண்டு. ஜெயித்தாலும், மீண்டு வர முயற்சி செய்கிற பெண்ணைக் கீழே தள்ளின மாதிரி ஆகிவிடும். அதனால் முதலில் அவளோடு உட்கார்ந்து பேசத்தான் சொல்வேன். நேரில் பேச முடியாவிட்டால் அவளுக்குப் பிடித்த மாமாவோ அத்தையோ நடுவில் இருக்கட்டும்.

பேசுவதற்கு ஒரு நல்ல வழி அந்த ஊர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. மகள் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, தாத்தா பாட்டிக்கு ஒரு பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கலாம். ஐந்து நாளுக்குள் உங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) ஜுவனைல் கோர்ட்டில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். பள்ளியில் சேர்க்க, டாக்டரிடம் காட்டிச் சம்மதம் சொல்ல அது போதும். கஸ்டடி அவளிடமே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம் என்பதால் அவளுக்கும் பயம் இருக்காது. (பெற்றோர் எங்கே என்றே தெரியாமல் பேரப்பிள்ளையை வைத்திருப்பவர்கள், தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று ஒரு அஃபிடவிட் தாக்கல் செய்ய இதேபோல வழி உண்டு.)

அதைவிடக் கெட்டியாக வேண்டுமென்றால், மகள் சம்மதத்தோடு லீகல் கஸ்டடி வாங்கலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் அவளிடம் சொல்லிவிடுங்கள். கோர்ட் உத்தரவு போட்ட பிறகு "நான் இப்போது நன்றாக இருக்கிறேன்" என்று வந்து நின்றால் மட்டும் குழந்தை திரும்பக் கிடைக்காது, நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டி மறுபடி கோர்ட்டுக்குப் போக வேண்டும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது அவளுக்குச் செய்கிற துரோகம்.

அவள் எதற்கும் ஒத்துவரவில்லை, குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், ஆனால் நன்றாகத்தான் வைத்திருக்கிறாள் என்றால், நீங்கள் கேட்க வேண்டியது கஸ்டடி இல்லை, விசிட்டேஷன். ஒஹாயோ சட்டத்தின் 3109.12 பிரிவு, கல்யாணம் ஆகாத பெண்ணின் பெற்றோர் பேரக்குழந்தையைப் பார்க்க அனுமதி கேட்கலாம் என்றே சொல்கிறது, குழந்தை இருக்கும் கவுண்டியில் மனுப் போட வேண்டும். டிராக்ஸலுக்குப் பிறகு இந்த மாதிரிச் சட்டமெல்லாம் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2005-ல் ஹாரல்ட் வழக்கில் ஒஹாயோ உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. அம்மாவின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, குழந்தைக்கும் உங்களுக்கும் இருக்கிற பழக்கம், தூரம், குழந்தையின் ஆசை எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். இரண்டு வருஷம் வளர்த்தது இங்கேதான் உங்களுக்கு உண்மையான பலம்.

மறுபடியும் போதை, வீட்டில் அடிதடி, குழந்தையைத் தனியாக விட்டுப் போகிறாள் என்று தெரிந்தால் மேலே சொன்ன பொறுமை எதுவும் வேண்டாம். 855-642-4453 என்ற எண்ணில் சொன்னால் குழந்தைகள் பாதுகாப்பைப் பார்க்கிற கவுண்டி சில்ட்ரன் சர்வீஸஸுக்குத் தகவல் போகும், உடனடி ஆபத்து என்றால் 911. அந்த நிலைமையில் மகள் மேல் இருக்கிற பாசத்தைப் பார்த்துத் தயங்கினால் குழந்தைதான் கஷ்டப்படும்.

அந்த மெசேஜ்களுக்குக் கோபமாக எதுவும் பதில் அனுப்பாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். நாளைக்கு இரண்டு பக்கத்து மெசேஜும் நீதிபதி முன்னால் வரலாம். பேத்தி காதில் விழும்படி அவள் அம்மாவைப் பற்றித் தப்பாகப் பேசாதீர்கள், கோர்ட்டில் இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று சொல்லிக் கொடுக்கவே கூடாது. வழக்கு என்று வந்தால் குழந்தைக்காகக் கோர்ட் தனியாக ஒருவரை நியமிக்கலாம், நீதிபதியே தன் அறையில் அவளிடம் பேசலாம். சொல்லிக் கொடுத்த பேச்சை அவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைவிட, ஆறு வயதுக் குழந்தை அம்மாவுக்கும் பாட்டிக்கும் நடுவில் யாரைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டி வருவது பெரிய கொடுமை.

இந்த வாரமே உங்கள் கவுண்டி ஜுவனைல் கோர்ட்டில் வழக்காடிப் பழகிய ஒரு வக்கீலைப் பாருங்கள். கல்யாணம், வீடு, விசா என்று எல்லாம் பார்க்கிற தெரிந்த வக்கீல் இதற்குச் சரிப்படாது. பேத்தியின் பிறப்புச் சான்றிதழ், பள்ளி, டாக்டர் காகிதங்கள், அவள் உங்கள் வீட்டுக்கு வந்த தேதி, மகள் வந்து பார்த்த நாட்கள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். குழந்தையின் அப்பாவைப் பற்றித் தெரிந்ததையும் சொல்லுங்கள், தந்தை என்று பதிவாகியிருந்தால் அவருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். உங்கள் கணவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள்.