பருத்தி செடியில்தானே காய்க்கிறது? ஜெர்மன்காரர்கள் ஏன் அதை 'மரக் கம்பளி' என்கிறார்கள்?

ஜெர்மனில் பருத்திக்குப் பெயர் 'பௌம்வொல்லே'. பௌம் என்றால் மரம், வொல்லே என்றால் ஆட்டுரோமம். வெடித்த பருத்திக்காய் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பஞ்சைப் பிய்த்தால் விதையோடு ஒட்டிக்கொண்டு சுருள் சுருளாக வரும். செம்மறியாட்டை மட்டுமே அறிந்த ஒருவருக்கு அது ரோமமாகத்தான் தெரியும்.

சரி, மரம் எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து! கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான ஹெரோடோட்டஸ், இந்தியாவில் காட்டு மரங்கள் ஆட்டுரோமத்தைவிட அழகான ரோமத்தைத் தருகின்றன, மக்கள் அதில் உடுத்துகிறார்கள் என்று எழுதிவைத்தார். அந்தப் பார்வை ஐரோப்பாவில் நெடுங்காலம் நிலைத்தது. ஆட்டுக்குட்டியே செடியில் காய்க்கிறது என்றுகூட இடைக்காலத்தில் நம்பியிருக்கிறார்கள்.

அவர் சொன்னது வெறும் கற்பனையும் இல்லை. நம் நாட்டுப் பருத்தி இனத்தின் தாவரவியல் பெயர் 'காசிப்பியம் ஆர்போரியம்'. ஆர்போரியம் என்றால் மரம் போன்றது. ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் ஆள் உயரத்தையும் தாண்டும். கோவில்பட்டிப் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி இந்த இனம்தான்.

ஸ்வீடன்காரர்களின் 'பூமுல்'லும் இதே மரமும் ரோமமும்தான். ஆங்கிலத்தின் 'காட்டன்' வேறு வழி: அரபியின் 'குத்ன்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல் ஜெர்மனுக்கும் போனது, ஆனால் 'கட்டூன்' என்று ஒரு வகைப் பருத்தித் துணிக்கு மட்டும் பெயராக நின்றுவிட்டது.