சண்டிகேஸ்வரர் முன்னால் கை தட்டலாமா?

கேள்வி: சிவன் கோயிலில் கடைசியாகச் சண்டிகேஸ்வரர் சன்னதிக்கு வரும்போது எல்லாரும் கை தட்டுகிறார்கள். சிலர் புடவையிலிருந்து நூல் பிரித்துப் போடுகிறார்கள். "அவர் தியானத்தில் இருப்பவர், தட்டினால்தான் கண் திறப்பார்" என்கிறார் என் மாமியார். தட்டவே கூடாது என்று கோயிலில் ஒரு பெரியவர் கடிந்துகொண்டார். எது சரி? இன்னொன்று, அவர் கதையைப் பத்து வயது மகளிடம் சொன்னேன். "அப்பா காலை வெட்டினவரை ஏம்மா கும்பிடணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில்: முதலில் சுலபமானதை முடித்துவிடுவோம். மெல்லத் தட்டலாம். ஓங்கித் தட்ட வேண்டாம். நூல் போடவே வேண்டாம்.

இதற்குக் காரணம் அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இருக்கிறது. கருவறையின் வடக்குப் பக்கம், அபிஷேக நீர் வெளியே விழும் கோமுகிக்கு அருகில், தெற்கு நோக்கித் தனிச் சன்னதியில் இருப்பார். சிவபெருமான் மேல் சாத்திக் களைந்த பூ, மாலை, வஸ்திரம், நிவேதனத்தில் எஞ்சியது, இப்படி நிர்மால்யம் என்று சொல்லப்படும் எல்லாமே அவருக்கு உரியவை. பூஜை முடிவில், சண்டேசர் என்றும் சொல்லப்படும் இவருக்கும் பூஜை செய்து நிர்மால்யத்தை அவருக்குச் சேர்ப்பது ஆகம வழக்கம். அதாவது இறைவனுடைய உடைமைக்கும் நம்முடைய உடைமைக்கும் நடுவில் ஒரு கோடு உண்டென்றால், அந்தக் கோட்டில் உட்கார்ந்திருப்பவர் அவர். "சிவன் சொத்து குல நாசம்" என்ற பழமொழிக்குச் சன்னதி கட்டினால் அது இவருடையதாகத்தான் இருக்கும்.

இது வெறும் நம்பிக்கையாக மட்டும் இருந்ததில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கோயிலுக்கு நிலம் விற்றவர்கள் "ஆதி சண்டேசுவரருக்கு விற்றுக் கொடுத்தோம்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் பண்டாரத்திலிருந்து, அதாவது கருவூலத்திலிருந்து, ஊர்ச் சபைகள் கடன் வாங்கியபோதும், கடன் கொடுத்தவராகப் பதிவானவர் சண்டேசுவரர்தான். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி. மாமன்னர் ராஜராஜனே கட்டிய கோயிலில்கூட வரவும் செலவும் அரசன் பெயரில் நடக்கவில்லை, சிவனின் முதல் தொண்டர் பெயரில் நடந்தது. மக்கள் இவரைச் சிவபெருமானின் கணக்குப்பிள்ளை என்று சொல்வது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

இந்தப் பின்னணியில் கை தட்டுவது என்ன என்று யோசித்தால் விளங்கிவிடும். தரிசனம் முடித்துக் கிளம்பும்போது வெறும் கையைக் காட்டி, "உங்கள் ஐயனுடைய பொருளில் எதையும் நான் எடுத்துப் போகவில்லை" என்று சொல்லிக்கொள்வது அது. அவரை எழுப்புவதற்காக அல்ல. காது கேட்காதவர் என்று சிலர் சொல்வதற்கும் எந்த ஆதாரமும் கிடையாது. பழைய சைவ வழிபாட்டு முறையில் இதற்குத் தாளத்திரயம் என்று பெயர். வலது கை விரல்களால் இடது உள்ளங்கையில் மூன்று முறை மெல்லத் தட்டி, சிவதரிசனம் செய்த பலனைத் தந்தருளும்படி அவரிடம் வேண்டிக்கொள்ள வேண்டும். ஆகவே "தட்டவே கூடாது" என்ற பெரியவர் சொன்னதும் முழுச் சரி அல்ல. கோயிலே அதிரும்படி தட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு அலுத்திருக்கலாம். ஓசையே வராமல் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுக் கும்பிட்டாலும் பொருள் அதேதான். மாமியாரோடு இதற்காக வாதம் வேண்டாம். அவர் தட்டுவதில் தவறில்லை, சொல்லும் காரணம்தான் வேறு.

நூல் விஷயம் அப்படி அல்ல. சிவன் உடுத்தியது சண்டேசருக்கு உரியது என்ற கருத்து, யார் உடுத்தியதிலிருந்தும் ஒரு நூல் போட்டால் போதும் என்று எப்படியோ திரிந்துவிட்டது. நாம் கட்டியிருக்கும் துணியின் நூலை ஒரு தெய்வத்தின் மேல் வீசுவது மரியாதையும் அல்ல. வஸ்திரம் சாத்த ஆசை இருந்தால் சிறியதாக ஒரு புது வேட்டி வாங்கிக் குருக்களிடம் கொடுங்கள். சன்னதிப் படியில் நூலும் குப்பையுமாகக் கிடப்பதைப் பல கோயில்களில் பார்க்கலாம், பக்கத்திலேயே விளக்கும் எரிந்துகொண்டிருக்கும்.

சிலர் கையில் இருக்கும் விபூதியையும் அங்கே உதறிவிட்டு வருகிறார்கள், அதைக்கூட எடுத்துப் போகக் கூடாதோ என்ற பயத்தில். அந்தப் பயம் தேவையில்லை. குருக்கள் உங்கள் கையில் கொடுத்தது பிரசாதம், அது உங்களுடையது. நெற்றியில் இட்டுக்கொண்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சுற்றி வரும்போது மட்டும் ஒரு கவனம்: கோமுகிக்கும் சண்டேசருக்கும் நடுவே புகுந்து குறுக்கே கடக்காமல், அவரையும் உள்ளே சேர்த்து வெளிப்பக்கமாக வலம் வருவது முறை. இட அமைப்பு அதற்கு ஒத்துவராத கோயில்களில் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

சரி, இனி உங்கள் மகளின் கேள்விக்கு வருவோம். கடிதத்தில் கனமான கேள்வி அதுதான். பெரும்பாலும் இந்தக் கதையை அவர் கையில் இருந்த மழுவில், அதாவது கோடரியில், தொடங்கி மழுவிலேயே முடித்துவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் எந்தக் குழந்தையும் அப்படித்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சொல்லும்போது ஊரையும் பிறப்பையும் சொல்லிவிட்டு ஒரு மாட்டிலிருந்து தொடங்குகிறார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

மண்ணியாற்றின் கரையில் சேய்ஞலூர் என்ற ஊர். இன்று சேங்கனூர் என்கிறார்கள், திருப்பனந்தாள் பக்கம். அங்கே எச்சதத்தன், பவித்திரை தம்பதிக்குப் பிறந்தவர் விசாரசருமர், பின்னாளில் சண்டேசர் ஆனவர். ஏழு வயதில் உபநயனம் ஆகி வேதம் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். ஒருநாள் ஊர் மாடுகள் மேயப் போகும்போது ஒரு பசு இடையனை முட்ட வந்தது. அவன் கோலால் அடித்தான். அதைப் பார்த்துப் பொறுக்க முடியாத சிறுவன் அவனைத் தடுத்து, இனி இந்த மாடுகளை நானே மேய்க்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டான். ஊராரும் சம்மதித்தார்கள். நல்ல புல் இருக்கும் இடம் பார்த்து மேய்த்து, நீர் காட்டி, நிழலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டதில் மாடுகள் கொழுத்தன, பால் பெருகியது. அவனைக் கண்டாலே பசுக்கள் கன்றைக் கண்டதுபோல் தாமாகவே பால் சொரிந்தன.

அந்தப் பால் வீணாகிறதே என்றுதான் அவனுக்குச் சிவபூஜை நினைவு வந்தது. ஆற்று மணல் திட்டில், ஆத்தி மரத்தடியில், மணலால் லிங்கம் செய்து, மணலாலேயே கோயிலும் கட்டி, புதுக் குடங்களில் பாலைக் கறந்து அபிஷேகம் செய்தான். பசுக்கள் வீட்டில் கொடுக்கும் பால் கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் மணலில் பால் ஊற்றுவதை யாரோ பார்த்து ஊரில் சொல்ல, ஊர்ச் சபை எச்சதத்தனைக் கூப்பிட்டுக் கேட்டது. பெற்றவருக்கு அவமானம். மறுநாள் மகன் அறியாமல் பின்தொடர்ந்து ஒரு குரா மரத்தில் ஏறி ஒளிந்திருந்து பார்த்தார். பால் மணலில் ஓடுவதைக் கண்டதும் இறங்கி வந்து கோலால் மகனின் முதுகில் ஓங்கி அடித்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு பசுவின் மேல் விழுந்த அடியைத் தாங்காத அந்தச் சிறுவன், தன் முதுகில் விழுந்த அடியை உணரவே இல்லை. பூஜை தொடர்ந்தது. தந்தைக்கு இன்னும் கோபம் ஏறியது. அபிஷேகத்துக்கு வைத்திருந்த பாற்குடத்தைக் காலால் உதைத்துக் கவிழ்த்தார். அப்போதுதான் விசாரசருமர் திரும்பிப் பார்த்தார். தந்தை என்று தெரிந்தது, செய்த குற்றமும் தெரிந்தது. முன்னால் கிடந்த ஒரு கோலை எடுத்தார். அது மழுவானது. உதைத்த கால்களை அது துணித்தது. அவர் அந்த இடையூறு நீங்கியது என்று மறுபடி பூஜையில் அமர்ந்துவிட்டார்.

தனக்காக அவர் சினக்கவில்லை என்பது முதல் விஷயம். கையில் இருந்தது ஆயுதம் அல்ல, மாடு மேய்க்கிற இடத்தில் கிடந்த கோல் என்பது அடுத்தது. அதை மழுவாக்கியது அவர் அல்லர். மழு சிவனுடைய கையில் இருப்பது. மூன்றாவது விஷயத்தைக் கதை சொல்பவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்: எச்சதத்தன் அழிந்துபோகவில்லை. சண்டேசரின் மழுவால் வெட்டுண்டதாலேயே குற்றம் நீங்கிச் சுற்றத்தோடு சிவலோகம் சேர்ந்தார் என்று சேக்கிழார் தெளிவாகச் சொல்கிறார். மகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்.

அப்புறம் சிவபெருமான் உமையோடு எழுந்தருளி, எனக்காகப் பெற்ற தந்தையை வெட்டி வீழ்த்தினாய், இனி நானே உனக்குத் தந்தை என்று எடுத்து அணைத்துக்கொள்கிறார். தொண்டர்களுக்கெல்லாம் தலைவனாக்கி, தான் உண்டது, உடுத்தது, சூடியது எல்லாம் உனக்கே என்று சண்டீசன் என்ற பதவியைத் தந்து, தன் சடையிலிருந்த கொன்றை மாலையை எடுத்துச் சூட்டுகிறார். நிர்மால்ய உரிமை வந்தது இப்படித்தான். பாலைத் திருடுகிறான் என்று பழி சுமத்தப்பட்ட பையனிடம்தான் கோயில் சொத்து முழுவதும் ஒப்படைக்கப்பட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மணலில் ஊற்றிய பாலில் ஒரு துளிகூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவனை விட வேறு யாரை நம்பிச் சாவியைக் கொடுப்பது?

சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை என்று மூன்றைச் சொல்லும். பசுக்களோடு வாழ்ந்து, பதியைக் கண்ட சிறுவனுக்குக் கடைசியாக அறுபட வேண்டியிருந்தது பாசம், அதிலும் அறுப்பதற்கு மிகக் கடினமான ரத்த பாசம் என்று இந்தக் கதையைப் படிக்கலாம். இது என் வாசிப்பு. ஆனால் எல்லாமே உருவகம் என்று சொல்லி வெட்டை மழுப்பிவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. நாயன்மார் கதைகள் நம்மை உலுக்குவதற்காகவே சொல்லப்பட்டவை. அவர்கள் செய்ததைச் செய்யும்படி யாரும் நம்மிடம் சொல்லவில்லை. பெற்றோரை எதிர்த்து நிற்க இதை ஒருவர் உதாரணம் காட்டினால், "உன் முதுகில் விழுந்த அடி உனக்கு வலித்ததா?" என்று கேளுங்கள். வலித்தது என்றால் அது விசாரசருமர் வழி அல்ல.

மகளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அவர் அப்பாவை வெறுக்கல. தன்னை அடிச்சப்போ அவருக்குத் தெரியவே இல்ல. சாமிக்கு வெச்ச பாலை உதைச்சப்போதான் திரும்பினார். அப்பாவையும் சாமி காப்பாத்திட்டார். நாம அவரைக் கும்பிடுறது வெட்டினதுக்காக இல்ல, சாமிக்கு உரியதை ஒரு துளிகூட எடுக்காம பார்த்துக்கிட்டதுக்காக." அவளுக்கு இன்னும் நெருடலாக இருந்தால் இருக்கட்டும். பத்து வயதில் எல்லாம் முடிவாகிவிட வேண்டியதில்லை.

நாள் கேட்டிருக்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தை மாத உத்திரம் அவருடைய குருபூஜை. திருவிழாக்களில் பஞ்சமூர்த்திகள் புறப்பாட்டில் கடைசியாக வருபவரும் அவரே. விநாயகரையும் முருகனையும் பார்த்துவிட்டுக் கூட்டம் கலையும் நேரத்தில் வருவார், கொஞ்சம் காத்திருங்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் மகளைக் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள். ராஜேந்திர சோழன் கட்டிய அந்தக் கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டுக்கு அருகே, சிவனும் உமையும் அமர்ந்திருக்க, கை கூப்பி உட்கார்ந்திருக்கும் சண்டேசரின் தலையில் சிவபெருமானே குனிந்து மாலையைச் சுற்றுகிற சிற்பம் இருக்கிறது. சோழர் சிற்பங்களில் இதற்கு இணையாகச் சிலவற்றைத்தான் சொல்ல முடியும். அதன் பக்கவாட்டுச் சுவரில் சின்னச் சின்னச் சிற்பங்களாக முழுக் கதையும் இருக்கும். பசு, மணல் லிங்கம், தந்தை எல்லாரும் எங்கே என்று அவளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலையில் போனால் வெயில் ஏறுவதற்குள் நிதானமாகப் பார்க்கலாம்.