கார் வராத பாதை, கீழ்நோக்கிப் போகும் பள்ளத்தாக்கு: சைக்கிள் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஆல்ப்ஸ் மலையில் கார் தொல்லை இல்லாமல் சைக்கிளில் ஊர் சுற்றுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைப் பற்றியவை. இத்தாலியின் வடக்கு ஓரத்தில், தென் டிரோல் மாகாணத்தில் இருக்கும் வின்ஷ்காவ் பள்ளத்தாக்கு. அவற்றுக்கே முதலிடம்.

கேள்வி: மூனிக்கில் வசிக்கிறோம். பிள்ளைகளுக்கு 14, 11 வயது. கோடை விடுமுறையில் ரெஷன் கணவாயிலிருந்து மெரான் வரை சைக்கிளில் போக ஆசை. நான்கு பேருக்கும் நல்ல டூரிங் சைக்கிள் வாங்கிவிடலாமா, அங்கேயே வாடகைக்கு எடுக்கலாமா?

இந்த ஒரு பயணத்துக்காக என்றால் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

ரெஷன் கணவாய் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மெரான் 325 மீட்டர் அளவில். இடையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், எட்ச் ஆற்றை ஒட்டியே பாதை இறங்குகிறது. எல்லோரும் மேலிருந்து கீழே வரத்தான் விரும்புவார்கள். வந்த பிறகு சைக்கிளை என்ன செய்வது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கும். சொந்த சைக்கிள் என்றால் அதைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். மெரானுக்கும், பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் இருக்கும் மால்ஸ் ஊருக்கும் இடையே 60 கிலோமீட்டர் ரயில் பாதை இருக்கிறது. 1990-இல் மூடப்பட்டு 2005-இல் மறுபடி திறந்த பாதை அது. ஆனால் கோடை நெரிசலில் நான்கு சைக்கிளை அந்த ரயிலில் ஏற்றிவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். சைக்கிள் ஏற்றுவதற்கான விதி பருவத்துக்குப் பருவம் மாறும். மூனிக்கிலிருந்து தென் டிரோலின் தலைநகரான போல்சானோ செல்லும் நெடுந்தூர ரயிலிலும் சைக்கிளுக்குத் தனி முன்பதிவு வேண்டும்.

வாடகை சைக்கிளில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அந்த ரயில் பாதையில் பல நிலையங்களிலேயே வாடகைக் கடை உண்டு. ஓர் ஊரில் எடுத்து இன்னோர் ஊரில் விடலாம். மால்ஸில் எடுத்து மெரானில் விட்டுவிட்டு கையை வீசிக்கொண்டு ரயில் ஏறலாம். ரெஷனிலிருந்தே தொடங்க வேண்டுமானால், அங்கே எடுக்கும் சைக்கிளை மெரானில் விட முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள். முடியாது என்றால் முதல் நாள் பஸ்ஸில் ரெஷன் ஏரிக்குப் போய்வாருங்கள். 1950-இல் அணைக்காக கிராவுன் கிராமத்தை மூழ்கடித்தார்கள். 14-ஆம் நூற்றாண்டு தேவாலயத்தின் மணிக்கோபுரம் மட்டும் இன்றும் தண்ணீருக்கு நடுவே நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் காட்டாமல் வரக்கூடாது. மறுநாள் மால்ஸில் தொடங்கினால், கொஞ்ச தூரத்திலேயே மதில் சூழ்ந்த குட்டி நகரமான குளூர்ன்ஸ் வரும்.

'கார் இல்லாத பாதை' என்று விளம்பரத்தில் போடுவார்கள். பெரும்பகுதிக்கு அது உண்மைதான். ஆனால் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது டிராக்டர் வரும், ஊருக்குள் குடியிருப்புத் தெருக்களில் கொஞ்சம் போக வேண்டியிருக்கும். செப்டம்பரில் அறுவடை தொடங்கிவிட்டால் டிராக்டர் இன்னும் அதிகம். பதினொரு வயதுப் பிள்ளையை முன்னால் தனியே விடாதீர்கள்.

நீங்கள் மூனிக்கிலும் வாராவாரம் ஓட்டுபவர்கள் என்றால் வாங்குவதில் நியாயம் உண்டு. அப்போதும் 11 வயதுப் பிள்ளைக்கு விலை உயர்ந்தது வேண்டாம். இரண்டே வருடத்தில் சைக்கிள் சின்னதாகிவிடும்.

கேள்வி: சென்னையிலிருந்து ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்குக்குப் படிக்க வந்திருக்கிறேன். வாடகைக் கடையில் சைக்கிளை எடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பிரேக்கை. மற்றதெல்லாம் அப்புறம்.

நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிடி முன்சக்கரத்தைப் பிடிக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் நேர்மாறு: இடது கைதான் முன்பிரேக். பழக்க தோஷத்தில் இறக்கத்தில் இடது கையை இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் தலைகுப்புற விழ வாய்ப்பு உண்டு. இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது இயல்பு. கடை வாசலிலேயே இறங்கி நின்று, சைக்கிளை மெதுவாகத் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பிடியாக அழுத்திப் பாருங்கள். எந்தக் கைக்கு எந்தச் சக்கரம் நிற்கிறது என்பது உங்கள் கைக்குப் பதிய வேண்டும்; நாலைந்து முறை செய்யுங்கள்.

அடுத்து, பிடியை முழு பலத்தோடு அழுத்துங்கள். அது கைப்பிடிக் கம்பி வரை வந்து ஒட்டினால் அந்த சைக்கிளை எடுக்காதீர்கள், வேறு கேளுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பேட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கடைக்காரரையே காட்டச் சொல்லுங்கள். இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு இடங்களில் அது கணக்கில் வரும். ஒன்று, ஏரிகளைத் தாண்டி மால்ஸ் மேட்டில் இறங்கும் சரிவு. இன்னொன்று, மெரானுக்குச் சற்று முன்னால் டோல் என்ற இடத்திலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் பாதை. அங்கே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகாமல், விட்டு விட்டு இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். தொடர்ந்து தேய்த்தால் சூடேறிப் பிடிமானம் குறையும்.

எடுக்கும்போதே கீறல், நெளிசல் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவையுங்கள். விடும்போதும் அப்படியே. ஒப்படைத்ததற்கு ரசீது கேளுங்கள். வேறு ஊர்க் கடையில் விடும்போது இது ரொம்ப முக்கியம். எடுத்த கடைக்காரர் சைக்கிளைப் பார்ப்பது நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான். மாலை எத்தனை மணிக்குக் கடை மூடும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்களுக்கு அறுபது வயதாகிறது. இ-பைக்குக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது வீணா? எங்களிடம் இருக்கும் இ-பைக்கையே விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

இரண்டாவதற்கு முதலில் பதில்: முடியாது. பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரிக்கு அனுமதி இல்லை. இ-பைக் பேட்டரி சாதாரணமாகவே 400-ஐத் தாண்டும்.

மேலிருந்து கீழே மட்டும் போவதென்றால் சாதாரண சைக்கிளே போதும். இ-பைக் எடை கூடியது, இறக்கத்தில் அந்த எடையையும் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும். மெரானிலிருந்து மேலே ஏறுவதாக இருந்தாலோ, வழியில் பக்கவாட்டுக் கிராமங்களுக்கு ஏறிப் பார்ப்பதாக இருந்தாலோ கூடுதல் காசைத் தயங்காமல் கொடுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும் வகைதான் சைக்கிள் பாதையில் செல்லும்.

கேள்வி: ஒரு நிறுவனம் ஹோட்டல், சைக்கிள், பெட்டி கொண்டுபோவது எல்லாம் சேர்த்து ஒரே விலை சொல்கிறது. தனித்தனியாகப் பதிவு செய்தால் விலை குறைகிறது. எது நல்லது?

விலை வித்தியாசம் சிறியது என்றால் சேர்த்தே வாங்குங்கள். பெட்டி தானாக அடுத்த ஹோட்டலுக்குப் போவது மட்டும் காரணம் இல்லை. இப்படி ஒரே ஒப்பந்தமாக விற்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் பேக்கேஜ் பயணம் ஆகும். நிறுவனம் திவாலானால் கொடுத்த பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் கட்டணம் இல்லாமல் ரத்து செய்யலாம். வெள்ளம், நிலச்சரிவு மாதிரி தவிர்க்க முடியாத காரணத்தால் அங்கே போகவே முடியாது என்றால் முழுப் பணமும் திரும்ப வரும்.

தனித்தனியாகப் பதிவு செய்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் திருப்பித் தரலாமே என்று பலர் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கான ஹோட்டல், பொழுதுபோக்குச் சேவைகளுக்கு அந்த உரிமை கிடையாது. அங்கே ரத்து நிபந்தனையில் எழுதியிருப்பதுதான் செல்லும். பணம் கட்டும் முன் அதைப் படியுங்கள்.

கேள்வி: ஏழு வயதுக் குழந்தையோடு போகிறோம். வின்ஷ்காவ் சரிப்படுமா?

மால்ஸுக்குக் கீழே சில பகுதிகள் சரி. ஆனால் முதல் தடவை என்றால் நான் வேறு பாதை சொல்வேன்: அதே தென் டிரோலின் கிழக்குக் கோடியில், இன்னிஹென் ஊரிலிருந்து எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் லியென்ஸ் வரை, திராவ் ஆற்றோரமாக. சுமார் 40 கிலோமீட்டரில் 500 மீட்டர்தான் இறக்கம். இன்னிஹெனில் எடுத்து லியென்ஸில் விட்டுவிட்டு ரயிலில் திரும்பும் வசதி இங்கும் உண்டு. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், ஆகவே ஆகஸ்டில் கூட்டம் அதிகம். ஜூனிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போங்கள். குழந்தை சோர்ந்துவிட்டால் நடுவிலேயே ஏதாவது ஒரு நிலையத்தில் ரயில் ஏறிவிடலாம், ஆனால் அப்போது சைக்கிளையும் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் வாடகைக் கடையில் அதை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். வாடகையில் ஹெல்மெட் சேர்ந்ததா என்று கேளுங்கள். குழந்தை அளவு காலையிலேயே தீர்ந்துவிடும், முந்தின நாளே சொல்லிவையுங்கள்.

கேள்வி: இத்தாலியில் ஒளிரும் சட்டை கட்டாயமா?

பகலில் இல்லை. ஊருக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டினாலும், சுரங்கப்பாதைக்குள் போனாலும் கட்டாயம். மடித்தால் சட்டைப்பைக்குள் அடங்கிவிடும். ஆளுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.