வேனே வீடாக இருக்கும்போது கடனை அடைப்பதா, ரொக்கத்தை வைத்திருப்பதா?

கேள்வி: கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் வேலை செய்கிறேன், கிரீன் கார்டு இருக்கிறது, தனி ஆள். வாடகை கட்டுப்படியாகாததால் உயரக் கூரை கொண்ட ஃபோர்டு டிரான்சிட் வேனில் குடியிருக்கிறேன். அலுவலகத்தில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது. சேமிப்பு 9,000 டாலர். வேன் கடனில் பாக்கி 8,200, மாதத் தவணை 360. "கடனை மொத்தமாக அடைத்துவிடுங்கள், வேலை போனாலும் வேனை யாரும் தொட முடியாது, பிறகு பணம் தேவைப்பட்டால் வேனின் பத்திரத்தின் மேல் நானே கடன் வாங்கித் தருகிறேன்" என்கிறார் தெரிந்த தரகர் ஒருவர். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். உங்கள் அச்சம் நியாயமானதுதான். தவணை தவறினால், நீதிமன்ற ஆணை இல்லாமலேயே வண்டியை எடுத்துச் செல்ல கலிபோர்னியாவில் கடன் கொடுத்தவருக்கு உரிமை உண்டு; உங்களைப் பொறுத்தவரை வண்டியோடு வீடும் போய்விடும். ஆனால் அந்த ஆபத்திலிருந்து உங்களைக் காப்பது கையில் உள்ள ரொக்கம். ஓராண்டு முழுக்கத் தவணை கட்டினாலும் 4,320 டாலர்தான் ஆகும். மாறாக, 8,200 டாலரைக் கடனில் போட்டுவிட்டால் மிஞ்சும் 800 டாலரில் காப்பீடு, பெட்ரோல், தொலைபேசி, சாப்பாடு என்று ஒரு மாதம் தாண்டுவதே கடினம். அடைத்த பணத்தை எந்த வங்கியும் திருப்பித் தராது. வேலையில்லாதவர் புதிதாகக் கடன் கேட்டால் முதலில் சம்பளச் சீட்டைத்தான் கேட்பார்கள்.

தரகர் சொல்லும் யோசனையின் உள்நோக்கத்தைப் பாருங்கள். வங்கிக் கடன் தீர்ந்தால்தான் வேனின் உரிமைப் பத்திரம் வில்லங்கமில்லாமல் உங்கள் கைக்கு வரும். வந்தால்தான் அதை அவர் வேறிடத்தில் அடமானம் வைக்க முடியும். அதாவது உங்கள் சேமிப்பைக் கரைத்து, சாதாரண வட்டியில் உள்ள கடனைத் தீர்த்து, அதே வேனின் மேல் கொடிய வட்டிக் கடனை ஏற்றிவிடுகிறார். பல மாநிலங்களில் இத்தகைய கடனுக்கு ஆண்டு வட்டி 300 சதவீதத்தை ஒட்டி வரும். வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் வண்டியையே இழந்ததாக 2016-இல் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் கண்டறிந்தது. கலிபோர்னியாவில் 2020 முதல், 2,500 டாலரிலிருந்து 10,000 டாலருக்குக் குறைவான கடன்களுக்கு, ஆண்டுக்கு 36 சதவீதத்தோடு அமெரிக்க மத்திய வங்கி நிர்ணயிக்கும் ஃபெடரல் ஃபண்ட்ஸ் வட்டி விகிதத்தையும் சேர்த்த அளவே உச்ச வரம்பு. 10,000 டாலருக்கும் அதற்கு மேற்பட்ட தொகைக்கும் அந்த வரம்பு கிடையாது. ஆகவே, உங்களுக்கு 4,000 போதும் என்னும்போது 10,000 வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினால் அது உங்கள் நன்மைக்காக இருக்க முடியாது. சட்டம் போட்டவர்களே இந்த வாசலைத் திறந்து வைத்திருப்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

முன்கூட்டி அடைப்பது சரியாகும் சூழல் ஒன்று உண்டு. அடைத்த பிறகும் குறைந்தது நான்கு மாதச் செலவு கையில் மிஞ்ச வேண்டும். மிஞ்சும் என்பதை உறவினர் தருவதாகச் சொன்ன பணத்தையோ வரவிருக்கும் போனஸையோ கூட்டிச் சொல்லக்கூடாது. இன்று கணக்கில் உள்ளதை மட்டும் கொள்ள வேண்டும். அப்படி இருந்து, கடைசி மூன்று நான்கு தவணைகளே பாக்கி என்றால் அடைத்துவிடலாம். அப்போதும், கடன்தான் தீர்ந்துவிட்டதே என்று விபத்து, திருட்டு, தீ ஆகியவற்றுக்கான காப்பீட்டைக் குறைத்துவிடக் கூடாது. வங்கி கேட்கிறதே என்பதற்காக மட்டும் எடுத்த காப்பீடாக வேனில் வசிப்பவர் அதைக் கருத முடியாது. உங்கள் கணக்கு இந்தச் சூழலுக்குள் வரவில்லை.

வேலை போனால் அதே வாரம் வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த வாரத்தின் ஞாயிறு முதல்தான் கணக்கு தொடங்கும். முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது. வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர், பொதுவாக 26 வாரம் வரை. வாடகை எங்கேயோ போய்விட்ட மாநிலத்தில் இந்த உச்சத் தொகை 2005-இலிருந்து அசையவில்லை. இது உங்கள் உழைப்பின் பேரில் வரும் காப்பீடு. வாங்கினால் குடியுரிமைக்கு இடைஞ்சல் என்ற வதந்தியை நம்பாதீர்கள்.

வேனில் வசிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது முகவரியில்தான். உங்கள் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கையிலிருந்தும், முக்கியமான பல அறிவிப்புகளைத் துறைகள் இன்னும் தபாலில்தான் அனுப்புகின்றன. பறிமுதல் செய்த வண்டியை விற்குமுன் கொடுக்க வேண்டிய குறைந்தது 15 நாள் அறிவிப்பும் தாளில்தான் வரக்கூடும். பழைய வாடகை வீட்டு முகவரியை நம்பி இருக்காமல், வாரம் ஒருமுறையாவது தபால் எடுக்கக்கூடிய நண்பர் வீட்டு முகவரியை வேலை இருக்கும்போதே வங்கி, காப்பீடு, வாகனத் துறை மூன்றிலும் பதிந்துவிடுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், தபால் நிலையத்திலேயே உங்கள் பெயருக்கு வரும் கடிதங்களை 30 நாள் வரை வைத்திருக்கும் 'ஜெனரல் டெலிவரி' வசதி இருக்கிறது.

சேமிப்பில் 1,500 டாலரைத் தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். கியர்பாக்ஸ் பழுதாகி வேன் நான்கு நாள் பட்டறையில் நின்றால், பழுதுச் செலவோடு விடுதி அறைக்கும் நீங்கள் கொடுக்க வேண்டியிருக்கும். இந்த இரட்டைச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அபராதச் சீட்டும் இதே பணத்தைத்தான் தின்னும். வேனின் நீளம் 22 அடிக்குக் குறைவுதானே, பெரிய வாகனமாகாது என்று இருந்துவிடாதீர்கள்: மவுண்டன் வியூவில் உயரம் 7 அடியைத் தாண்டினாலே பெரிய வாகனம் என்று கணக்கு. உங்கள் வேனின் உயரம் ஏறத்தாழ 9 அடி. 40 அடிக்கு மேல் அகலமில்லாத தெருக்களில் அதை நிறுத்த முடியாது.