ஆசை எந்த இடத்தில் நோயாகிறது? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பெயரும் தோட்டமும் வேண்டாம். மஸ்கெலியாப் பக்கம். மலைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறேன். வயது 29, கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதம் ஒரு முறை மூன்று நாள் லீவில் வருவார். அந்த மூன்று நாளும் இருவருக்குமே ஆசை அதிகம். எனக்கு அசதி என்றால் விட்டுவிடுவார். அவர் போன பிறகும் எனக்கு அந்த நினைப்பு வருகிறது. சில இரவுகளில் நானே என்னைத் தணித்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரே காம்பரா, ஓர் அறைதான். நடுவில் தடுப்பு, மறுபக்கம் மாமியார். போன முறை அவர் பஸ் ஏறியதும் மாமியார், "பெண்பிள்ளைக்கு இவ்வளவு ஆகாது" என்றார். பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். இது "பாலியல் அடிமைத்தனம்" என்ற நோயாம். பேர் விழாத நாள் எனக்கு இல்லை, வேலையில் குறை வைக்கவில்லை. ஆனாலும் பயமாக இருக்கிறது. எனக்கு இருப்பது நோயா?

ஒரு தங்கை

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. நீங்கள் எழுதியிருப்பதில் நோய் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. மீதியைப் பயமில்லாமல் வாசியுங்கள்.

நான் வைத்தியர் அல்ல. ஆனால் வைத்தியர்கள் எழுதிவைத்திருப்பதைத் தேடி வாசித்திருக்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தை ஒரு கோளாறாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதைக் குடிப்பழக்கத்தோடு வைக்கவில்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல வைத்தியர்களின் சங்கம் 2013இல் தன் கையேட்டைப் புதுப்பித்தபோது, இப்படி ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்துவிட்டுச் சேர்க்காமல் விட்டது. வைத்தியர்களே இவ்வளவு நிதானமாகப் பேசும் விடயத்தை அந்த வீடியோக்காரர் சில நிமிடங்களில் உங்கள் தலையில் கட்டிவிட்டார். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் விவரிப்பில் வாரத்துக்கு இத்தனை தடவை என்ற கணக்கு எங்குமே கிடையாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ உந்துதலிடம் திரும்பத் திரும்பத் தோற்பது, அதுவே வாழ்க்கையின் நடுவில் வந்து உட்கார்ந்து உடம்பையும் வேலையையும் பிள்ளைகளையும் மறக்கடிப்பது, நிறுத்தப் பலமுறை முயன்றும் முடியாமல் போவது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்தும் சுகமே அற்றுப்போன பின்னும் தொடர்வது – இவைதான் இருக்கின்றன. கூடவே ஒரு முக்கியமான எச்சரிக்கையும் இருக்கிறது: "இது தவறு" என்ற எண்ணத்தால் மட்டும் வருகிற மனவேதனையை வைத்து இந்த நோயை முடிவுசெய்யக் கூடாது. உங்கள் வேதனை எப்போது தொடங்கியது என்று பாருங்கள். மாமியார் அந்த வார்த்தையைச் சொன்ன அன்று. அதற்கு முதல் நாள் வரை நீங்கள் நன்றாக இருந்தீர்கள்.

அந்த நோயை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் கண்டியில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தேன். உடன் வேலை செய்த ஒருவரின் மேசை லாச்சியில் பழைய கலண்டர்த் தாள் ஒன்று இருக்கும். அதில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். காசு கொடுத்துப் பெண்களிடம் போகாமல் இருந்த நாட்களின் கணக்கு. நான்கு கோடு, ஐந்து கோடு, பிறகு எல்லாவற்றையும் குறுக்கே அடித்துவிட்டு மறுபடியும் ஒன்று. சம்பளம் கைக்கு வந்த மாலையே கொழும்பு பஸ்ஸில் ஏறிவிடுவார். மனைவியின் தோட்டை அடகு வைத்தார். தாய்க்குக் காய்ச்சல் என்று மூன்று முறை லீவு எடுத்தார், கடைசியில் வேலையும் போயிற்று. ஒரு நாள் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே சொன்னார்: "அதில் ஒரு சந்தோசமும் இல்லை தங்கச்சி. போகும்போதே அழுகை வருகிறது. கால் நிற்கமாட்டேன் என்கிறது." நாங்கள் அவரைக் கேவலமாகப் பார்த்தோம். வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வாருங்கள். "பேர் விழாத நாள் எனக்கு இல்லை" என்கிறீர்கள். தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நிர்ணயித்த கிலோவைப் பறித்தால்தான் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், விழும், குறைந்தால் அரைப் பேர். அட்டைக் கடியிலும் மழையிலும் ஒரு பேரையும் விடாமல் எடுக்கிற பெண்ணின் வாழ்க்கையை ஆசை தின்றுவிட்டது என்று யார் சொல்ல முடியும்? அடுத்தது, "அசதி என்றால் விட்டுவிடுவார்". இந்த வரியை நான் இரண்டு முறை வாசித்தேன். உங்கள் இருவரிடமும் ஆசை நிறுத்தினால் நிற்கிறது. (அசதி என்று சொன்ன பிறகும் வற்புறுத்துகிறவர்கள் சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள், தங்களுக்கு ஆசை அதிகமாம். அது ஆசையின் அளவைப் பற்றிய பேச்சே இல்லை. அது வன்முறை.) கணவர் இல்லாத இரவுகளில் நீங்களே தணித்துக்கொள்வதால் உடம்புக்கும் எந்தக் கெடுதலும் இல்லை. ஆணுக்குச் சாதாரணம் என்று விட்டுவிடுகிற ஒன்றைப் பெண்ணிடம் கண்டால் மட்டும் நமக்கு நோய் என்று தோன்றிவிடுகிறது.

நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், வளர்ந்தவள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்ற சின்னத் திண்ணை, கூரையைத் தொடாத தடுப்பு. என் சித்தி கல்யாணமாகி வந்த புதிதில் இரவில் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பாள். காலையில் அரிசி அளக்கும்போது வளையலும் சேர்ந்து வரும். அம்மா ஒன்றும் பேசாமல் எடுத்துக் கழுவிக் கொடுப்பாள். அது ஏன் என்று புரிய எனக்குப் பத்து வருடம் பிடித்தது. ஒரு சத்தத்துக்குக்கூட மறைப்பு இல்லாத இடத்தில் ஆசைப்படுவதே குற்றம்போல் ஆகிவிடுகிறது. உங்கள் மாமியாரும் அப்படி ஒரு தடுப்புக்குப் பின்னால்தான் பிள்ளை பெற்று வளர்த்திருப்பார். அவருக்குச் சொல்லப்பட்டதை உங்களுக்குச் சொல்கிறார். அவரோடு சண்டை போடாதீர்கள்.

இதை வாசிக்கிற யாராவது அந்த அச்சக நண்பரைப்போல் கோடு போட்டுக்கொண்டிருந்தால், இலங்கையின் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். அரச வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளிலும் பேசலாம். பேச்சுவழிச் சிகிச்சை உதவுகிறது, சிலருக்கு மருந்தும் கொடுக்கிறார்கள். ஒருவரின் ஆசை திடீரென்று அளவுமீறிக் கூடினால், நடுக்குவாதத்துக்கு எடுக்கும் சில மருந்துகளும் மனஎழுச்சி நோயும்கூடக் காரணமாக இருக்கலாம். அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அடுத்த லீவில் கணவர் வரும்போது, தடுப்புக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பலகையால் அடைக்கச் சொல்லுங்கள். அடுப்புப் புகை போக ஒரு மூலையை மட்டும் விட்டால் போதும். ஒரு பகல் வேலைதான்.

அன்புடன்,
அக்கா