பேசுகிறவருக்குக் கூலி எங்கே?

அன்புள்ள ஐயா,

தளி பக்கத்துக் கிராமம் ஒன்றில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகள் ஒரே தெருவில் இருக்கின்றன. இந்த நான்கின் வாக்கிய அமைப்பும் ஒன்றையொன்று எப்படி நெருங்கி வருகிறது என்று ஆராய நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறேன். 'சமூகப் பயன்' என்று ஒரு பக்கம் நிரப்பச் சொல்கிறார்கள். உடனடிப் பயன் என்று எதுவும் இல்லை. 'செயற்கை நுண்ணறிவுக்கு உதவும்' என்று ஒரு வரி சேர் என்கிறார் நெறியாளர். சேர்க்கலாமா? அடிப்படை ஆய்வுக்கென்றே பணம் தருகிற இடம் எது? வரைவை இணைத்திருக்கிறேன். உங்கள் மகள் வயதுதான் எனக்கு, நீ என்றே எழுதுங்கள்.

ம., தேன்கனிக்கோட்டை

அன்புள்ள ம.,

அந்த வரியைச் சேர்த்துக்கொள் கண்ணு, பாவம் ஒன்றும் இல்லை. 1957இல் வந்த, மொழியியலாளர் சாம்ஸ்கியின் முதல் புத்தகத்து முன்னுரையில் அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படை மூன்றும் நிதி கொடுத்ததாக இருக்கிறது. உள்ளே இருப்பது இலக்கணம். அதை வைத்து எந்தப் போரை ஜெயித்தார்களோ!

எந்த இடம் என்று பட்டியல் போட்டுத்தர நான் ஏஜென்ட் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மைசூரில் இருக்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியாக 2013இல் வந்த திட்டம், 10,000 பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளுக்கானது. செம்மொழிக்குத் தனி நிறுவனமே உண்டு; கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004இல்தான் தமிழும் செம்மொழி ஆனது. ஆக, சாகக் கிடக்கிற மொழிக்குக் காசு உண்டு, மூத்த மொழிக்கும் உண்டு. திடமாக நின்று தெருவில் சண்டை போடுகிற பேச்சுக்குத்தான் கேட்க நாதியில்லை. 1894இல் தொடங்கி 1928இல் முடிந்த, பிரிட்டிஷ் அதிகாரி கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பிலும் மதராஸ் மாகாணம் சேரவில்லை. அன்று சேலம் ஜில்லாவில் இருந்த நம் ஊர்களும் அதோடு விட்டுப்போயின.

சரி, அதை விடு. எனக்குக் கோபம் வந்தது உன் வரைவின் கடைசிப் பக்கத்தில். மடிக்கணினி, ஒலிப்பதிவுக் கருவி, வண்டி வாடகை, அச்சு, இதர செலவு. பேசப்போகிறவர் எங்கே? 'இதர'வுக்குள்ளா?

எனக்கும் ஒரு காலத்தில் சின்னதாக ஒரு நிதி கிடைத்தது. சித்தேரி மலையில் மலையாளி மக்களின் பேச்சைப் பதிவு செய்யப் போனேன். (வெளியூர் வாசகர்களுக்கு: பெயர்தான் அப்படி, அவர்கள் பேசுவது தமிழ்.) சாமை அறுப்பு நேரம். ஒரு பாட்டி முகத்துக்கு நேராகக் கேட்டாள்: "உன்கிட்ட கத சொல்லிக்கினு குந்தினா எங்கூலிய எவன் குடுப்பான்?" நியாயம்தானே. அன்றைய கூலியைக் கொடுத்து, வவுச்சரில் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். நிதி கொடுத்த அலுவலகம் அதை மட்டும் திருப்பி அனுப்பியது. பேசுவது வேலை ஆகாதாம், அதற்குச் செலவுத் தலைப்பு கிடையாதாம். என் பஸ் டிக்கெட்டுக்கு மறுபேச்சில்லாமல் பணம் வந்தது. அறிக்கையில் இருந்த வாக்கியம் அத்தனையும் அவள் வாயிலிருந்து வந்தவை.

பேச்சைப் பதிவு செய்தால் முடிந்ததா? ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கிச் சொல்லுக்குச் சொல் பொருள் குறிக்கப் பழகிய கைக்கே நாற்பது மணி நேரம் ஓடிவிடும். அதில் பாதி நேரமாவது பேசியவர் பக்கத்தில் இருந்து, 'நான் அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னேன்' என்று திருத்த வேண்டும். அந்த நாட்களுக்கு யார் கூலி தருவது? கருவி வாங்கிய ரசீது தணிக்கைக்குப் பிடிக்கும், அதனால் எல்லாரும் கருவி வாங்குகிறோம். பீரோவில் கருவி இருக்கும், ஆய்வில் சொற்பட்டியல் இருக்கும். சொற்பட்டியல் ஒரு மத்தியானத்தில் முடிகிற காரியம், கூலி கேட்காது. நம் கிளைமொழி ஆய்வுகளில் இவ்வளவு சொற்பட்டியல் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

உனக்குச் சொற்பட்டியல் உதவாது. கம்பர்ஸ், வில்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971இல் மகாராஷ்டிர எல்லையில் உள்ள கூப்வார் கிராமத்தைப் பற்றி எழுதினார்களே, அங்கே கன்னடமும் மராத்தியும் உருதும் சொற்களைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு வாக்கிய அமைப்பில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. உருது பேசும் அம்மா கன்னடக்காரரிடம் தக்காளி விலை பேசும்போது வருகிற வாக்கியம்தான் உனக்கு வேண்டும். அது கேள்வித்தாளில் கிடைக்காது. நாள்கணக்கில் உட்கார வேண்டும், அவர்களையும் உட்காரவைக்க வேண்டும்.

அதனால் மடிக்கணினியை அடித்துவிடு, உன்னிடம் இருப்பதே போதும். அந்த இடத்தில் 'மொழி பேசுவோர் ஊதியம்' என்று தனித் தலைப்பு போட்டு, ரோஜாத் தோட்டத்தில் என்ன நாள்கூலியோ அதற்கு ஒரு ரூபாய் குறையாமல் எழுது. குழு வெட்டினால் வெட்டட்டும். எழுத்தில் காரணம் கேட்டு வாங்கு, எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

அப்புறம், களப்பணியைப் பிப்ரவரி முதல் வாரத்தில் வைக்காதே. காதலர் தினத்துக்கு ரோஜா அனுப்புகிற அவசரத்தில் ஓசூர் பக்கம் யாரும் உன்னோடு பேச உட்கார மாட்டார்கள்.