சம்பளம் நேரத்துக்கு வருகிறது, பிறகேன் கந்தோரில் ஒருவருக்கும் மனமில்லை?

கேள்வி: முல்லைத்தீவில் ஒரு கந்தோர். சம்பளம் உறுதி. ஆனாலும் வெளிக்கள உத்தியோகத்தர்கள் இடமாற்றப் படிவத்தோடேயே திரிகிறார்கள். ஏன்?

சம்பளம் குறைந்தால் மனம் கசக்கும். அதற்காக, கூடினால் உற்சாகம் பிறக்கும் என்றில்லை. அமெரிக்க உளவியலாளர் பிரெடரிக் ஹேர்ஸ்பேர்க் 1959இலேயே இதைப் பிரித்துக் காட்டினார்: குறைந்தால் கசப்பைத் தரும் சம்பளம், மேற்பார்வை, விதிகள் ஒரு பக்கம்; உற்சாகத்தைத் தரும் அங்கீகாரம், வேலையை முடித்த திருப்தி மறுபக்கம்.

வன்னியில் மனதை முதலில் தின்பது தூரம். மாங்குளத்தில் வெளிக்கள வேலை என்றாலும் காலையில் முல்லைத்தீவுக்கு வந்து வரவு இயந்திரத்தில் விரல் வைத்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றால், ஏ34 வீதியில் ஒருவழிக்கே ஏறக்குறைய 49 கிலோமீற்றர். ஆள் வந்தது இயந்திரத்துக்குத் தெரியும். அதற்குள் பயனாளி வயலுக்குப் போனது தெரியாது. வாராந்த வெளிக்களத் திட்டத்தை வெள்ளிக்கிழமையே ஒப்பமிட்டுக் கொடுத்து, அந்த நாள்களில் கிராம அலுவலரின் அலுவலகத்திலேயே வரவு பதிய அனுமதிக்கலாம். அனுமதி எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சை நம்பினால், கணக்காய்வு வரும்போது மாட்டுவது உத்தியோகத்தர்தான்.

அடுத்தது, ஒரே விபரத்தை மூன்று படிவங்களில் கேட்பது. அடையாள அட்டை இலக்கத்தை முதல் நிரலில் வைத்து ஒரே எக்செல் தாள் போதும். எந்தக் கிளை கேட்டாலும் அதிலிருந்தே வெட்டிக் கொடுக்கலாம். பின்னேரம் மூன்றரைக்கு ‘உடன் தேவை’ என்று கந்தோர் வட்ஸ்அப் குழுவில் போடுகிறவர், எதற்கு என்ற ஒரு வரியையும் சேர்க்கட்டும்.

ஏச்சையும் அதே குழுவில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். தவறு ஒருவருடையது, வாசிப்பது நாற்பது பேர். அடுத்த மாதம் எவரும் பிழையை முன்வந்து சொல்லமாட்டார்கள்.